ஐம்பது மில்லிகிராம்

வலிப்பு நோய்க்குத் தரப்படும் பழைய மருந்துகளில் ஒன்று ஃபெனிட்டாயின். மெடிக்கல் கடையில் எப்டாயின் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். 1938-இல் மெரிட், புட்னம் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் அதன் பயனைக் காட்டினார்கள். எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அது ஓய்வு பெறவில்லை. விலை குறைவு, பயன் நிச்சயம் என்பதால் ஏழைகளின் வலிப்பு மருந்தாக இன்றும் இருக்கிறது.

சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோவில் போகும் சாலையில் குமராட்சி இருக்கிறது. அங்கே 60 கிலோ எடையுள்ள ஒரு விவசாயத் தொழிலாளி நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் ஃபெனிட்டாயின் சாப்பிடுவதாக வைத்துக்கொள்வோம். பாடநூல் தரும் சராசரி எண்களைப் போட்டுக் கணக்கிட்டால், அவருடைய இரத்தத்தில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் மருந்து நிற்கும். 10 முதல் 20 வரை இருப்பதுதான் விரும்பத்தக்க அளவு. வலிப்பு முழுதாக அடங்கவில்லை என்று மருத்துவர் 50 மில்லிகிராம் கூட்டுகிறார். இரத்த அளவு 20 ஆகிறது. இன்னும் ஒருமுறை வலிப்பு வருகிறது. மறுபடியும் 50 கூட்டுகிறார். இப்போது 30 ஆகும் என்றுதான் யாருக்கும் தோன்றும். கணக்கு காட்டுவதோ 80. உடனே ஏறிவிடாது, சில வாரங்கள் எடுத்துக்கொண்டு மெல்ல ஏறும். ஆள் அதற்குள் ஊருக்குத் திரும்பியிருப்பார். 20-ஐத் தாண்டினால் கண்மணி துடிக்கத் தொடங்கும், 30-க்கு மேல் நடை தள்ளாடும், 40-க்கு மேல் புத்தி மங்கும். மிக அதிகமானால் வலிப்பே கூடிவிடும். அதைப் பார்த்து மருந்து போதவில்லை என்று இன்னும் கூட்டுகிற ஆபத்தும் உண்டு.

பெரும்பாலான மருந்துகள் இப்படி நடந்துகொள்வதில்லை. அளவை இரட்டித்தால் இரத்தத்திலும் இரட்டிக்கும். ஃபெனிட்டாயினைச் சிதைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதிக்கோ ஒரு நாளில் செய்யக்கூடிய வேலைக்கு உச்சம் உண்டு. நாம் வழக்கமாகத் தரும் அளவே அந்த உச்சத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. வீராணம் ஏரியை அறிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முழுக் கொள்ளளவு 47.5 அடி. மதகுகள் ஒரு நாளில் விடக்கூடிய தண்ணீருக்கு எல்லை இருக்கிறது. வரத்து அந்த எல்லைக்குள் நன்றாக அடங்கியிருக்கும் வரை மட்டம் நின்ற இடத்தில் நிற்கும். எல்லையை நெருங்கியபின் வரத்து கொஞ்சம் கூடினாலும் மட்டம் கிடுகிடுவென ஏறிவிடும்.

இந்த ஐம்பது மில்லிகிராமைப் பற்றிக் கவலைப்படுவதையே தொழிலாகக் கொண்ட பேராசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் துறைக்கு கிளினிக்கல் ஃபார்மசி என்று பெயர். அவர்கள் டாக்டர் இல்லை, மருந்து கொடுக்கும் கவுன்ட்டரிலும் நிற்பதில்லை. காலை ரவுண்ட்ஸில் மருத்துவருடன் நடந்து, கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கும் மருந்துகளை ஒவ்வொன்றாகப் படித்து, இந்த மருந்து இந்த உடலுக்கு இந்த அளவில் சரிதானா என்று கேட்பவர்கள். நம் நாட்டில் இப்படி ஒரு கல்விப் பணி வாழ்க்கை சாத்தியமாகிச் சுமார் முப்பது ஆண்டுகள்தான் ஆகின்றன.

அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. இந்தியாவில் மருந்தாக்கக் கல்வியைப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுவந்தவர் மகாதேவ லால் ஷ்ராஃப். 1932-இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் தொடங்கினார். அன்றைய தேவை, மருந்தை நாமே தயாரிக்க வேண்டும் என்பது. அதனால் பி.பார்ம் படிப்பின் மனம் தொழிற்சாலையில் இருந்தது. மாத்திரை அழுத்துவது, கரையும் வேகத்தை அளப்பது, கலப்படம் கண்டுபிடிப்பது ஆகியவைதான் பாடம். நோயாளி அந்தப் பாடத்திட்டத்தில் வரவே இல்லை. உலகத்துக்கே மலிவு விலையில் மாத்திரை அனுப்பும் நாடாக நாம் ஆனதில் அந்தக் கல்விக்குப் பெரிய பங்கு உண்டு. குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் மாத்திரை தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபின் யார் உடம்பில் என்ன செய்கிறது என்று கேட்க ஆளில்லாமல் போனது.

அமெரிக்காவில் 1966-இல் சான் பிரான்சிஸ்கோவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனை ஒரு சோதனை செய்தது. ஒன்பதாவது மாடி வார்டிலேயே மருந்தாளுநர்களை இரவு பகலாக உட்கார வைத்தார்கள். அடித்தளத்து மருந்தகத்தில் இருந்தவர் நோயாளியின் பக்கத்தில் வந்தார். இந்தத் துறையின் பிறப்பிடமாக அந்த மாடியைச் சொல்வது வழக்கம். 1990-இல் ஹெப்ளர், ஸ்ட்ராண்ட் இருவரும் எழுதிய கட்டுரை இன்னொரு படி மேலே போனது. மருந்தைச் சரியாகக் கொடுத்ததோடு பொறுப்பு தீராது, அந்த மருந்தால் நோயாளிக்கு நல்லது நடந்ததா என்பதற்கும் மருந்தாளுநர் பொறுப்பேற்க வேண்டும் என்றார்கள்.

நம் பக்கத்தில் 1990-களின் பிற்பகுதியில் மைசூரிலும் உதகமண்டலத்திலும் இருக்கும் ஜே.எஸ்.எஸ். மருந்தியல் கல்லூரிகள் எம்.பார்ம் படிப்பில் ஃபார்மசி பிராக்டிஸ் பிரிவைத் தொடங்கின. ஊட்டியில் அரசுத் தலைமை மருத்துவமனைதான் மாணவர்களுக்கு வகுப்பறை. கற்றுத்தர ஆள் வேண்டுமே! அப்போது இந்தியாவில் அதைப் படித்தவர்களே கிடையாது. ஆஸ்திரேலிய மருந்தாளுநர்களின் துணையோடு மைசூரில் அந்தத் துறையைக் கட்டியவர்களில் ஜி. பார்த்தசாரதி முக்கியமானவர். அவரும் காரின் நைஃபோர்ட்-ஹேன்சனும் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் மிலாப் நஹாட்டாவும் சேர்ந்து பதிப்பித்த கிளினிக்கல் ஃபார்மசி பாடநூல் 2004-இல் வந்தது. இன்று தமிழ்நாட்டுக் கல்லூரி நூலகங்களில் அட்டை கிழிந்து கிடக்கும் புத்தகங்களில் அதுவும் ஒன்று. 2008-இல் இந்திய ஃபார்மசி கவுன்சில் ஃபார்ம்.டி. படிப்புக்கான விதிகளை வெளியிட்டது. ஆறு ஆண்டுப் படிப்பு, கடைசி ஆண்டு முழுதும் மருத்துவமனைப் பயிற்சி. 300 படுக்கை கொண்ட மருத்துவமனை இல்லாத கல்லூரி இந்தப் படிப்பை நடத்த முடியாது.

நஹாட்டாவின் பணியிலிருந்து ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். குழந்தைகளுக்கென்று தயாரிக்கப்படாத மருந்துகள் ஏராளம். பெரியவர்களுக்கான மாத்திரையை உடைத்து, பொடித்து, சர்க்கரைத் தண்ணீரில் கலக்கிக் கொடுப்பது எல்லா ஊரிலும் நடக்கிறது. கலக்கிய மருந்து பாட்டிலுக்குள் எத்தனை நாள் உயிரோடு இருக்கும்? அவரும் சக ஆய்வாளர்களும் ஒவ்வொரு மருந்தாக எடுத்து அளந்தார்கள். இரத்தக் கொதிப்புக்கான அம்லோடிபின் மாத்திரையைத் திரவமாக்கி வைத்தால், 25 டிகிரியில் 56 நாளும், 4 டிகிரி குளிரில் 91 நாளும் கெடாது என்று 1999-இல் காட்டினார்கள். இந்த ஆய்வுக்குப் பெரிய இயந்திரமோ பெரிய கோட்பாடோ வேண்டியதில்லை. வார்டில் ஒரு செவிலியர் தினமும் செய்கிற வேலையைப் பார்த்து, அதற்குள் இருக்கும் கேள்வியைக் கண்டுகொள்ள வேண்டும். இந்தத் துறையின் நல்ல ஆய்வுகள் எல்லாம் அப்படித்தான் பிறந்தன.

சிதம்பரத்துக்கு வருவோம். 1929-இல் உருவான அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1985-இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி வந்தது. மருந்தாக்கத் துறை பொறியியல் புலத்துக்குள் இருக்கிறது. தொழிற்சாலைக் கல்வி என்ற பழைய நினைப்பின் அடையாளமாகவே எனக்கு அது படுகிறது. 2021-இல் மருத்துவக் கல்லூரியை அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறை எடுத்துக்கொண்டது. அது கடலூர் மாவட்டத்துக்கான அரசு மருத்துவக் கல்லூரி ஆனது. ஆக, ஒரே வளாகத்தில் பாடம் ஒரு நிர்வாகத்தின் கீழ், நோயாளி இன்னொரு நிர்வாகத்தின் கீழ். ஆனாலும் இங்கே இருக்கும் வசதி சென்னையின் பல தனியார் கல்லூரிகளுக்குக் கிடைக்காதது. துறையிலிருந்து நடந்தே வார்டுக்குப் போய்விடலாம். குமராட்சி, காட்டுமன்னார்கோவில், புவனகிரி, பரங்கிப்பேட்டை, கொள்ளிடக் கரைக் கிராமங்கள் என்று டெல்டாவின் கடைமடை முழுவதும் அந்த ஓ.பி. வரிசையில் நிற்கிறது.

இங்கே பணியாற்றிய ஆர். மணவாளன், சி. ராமசாமியுடன் சேர்ந்து எழுதிய 'பிசிக்கல் ஃபார்மசூட்டிக்ஸ்' தமிழ்நாட்டு பி.பார்ம் மாணவர்களுக்கு நன்கு தெரிந்த நூல். துகளின் அளவு, கரைதிறன், பரப்பு இழுவிசை பற்றிய பாடம். இதற்கும் நோயாளிக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு 1968-69-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் நடந்ததைச் சொல்லலாம். வருடக்கணக்காக ஒரே அளவு ஃபெனிட்டாயின் சாப்பிட்டு நன்றாக இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தள்ளாடிக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தார்கள். மருந்து மாறவில்லை, அளவும் மாறவில்லை. தேடிப் பார்த்ததில், கேப்சூலை நிரப்பப் போடும் வெறும் தூளைத் தயாரிப்பாளர் மாற்றியிருந்தது தெரிந்தது. கால்சியம் சல்ஃபேட் இருந்த இடத்தில் லாக்டோஸ். கால்சியம் சல்ஃபேட் ஃபெனிட்டாயினைப் பிடித்து வைத்துக்கொண்டு உடலுக்குள் முழுதாகப் போகவிடாமல் தடுத்திருந்தது, லாக்டோஸ் தடுக்கவில்லை. உள்ளே போன மருந்து கொஞ்சம்தான் கூடியது, இரத்த அளவோ பல மடங்கு ஏறியது. 1970-இல் இது பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. ஆய்வகப் பாடமும் வார்டுப் பாடமும் ஒன்றுதான் என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் படித்ததில்லை. அந்தக் கேள்வி இன்றும் உயிரோடு இருக்கிறது. ஒரு மாதம் ஒரு கம்பெனி மாத்திரை, அடுத்த மாதம் வேறு கம்பெனி மாத்திரை என்று வாங்கும் வலிப்பு நோயாளிகள் நம் ஊரில் எத்தனையோ பேர்.

மருந்துக்கு மருந்து மோதுவது அடுத்த சங்கதி. வலிப்புக்காரருக்குக் காசநோயும் வருகிறது. காசநோய்க்கான ஐசோனியசிட், ஃபெனிட்டாயினைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கும். யாரிடம் அதிகம் தடுக்கும்? ஐசோனியசிட்டையே மெதுவாகக் கழிக்கும் உடல்வாகு கொண்டவர்களிடம். தென்னிந்தியர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அந்த வகை. இதை நாம் கடன் வாங்கிய அறிவு என்று நினைக்க வேண்டாம். 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம், ஐசோனியசிட்டை வேகமாகக் கழிப்பவர், மெதுவாகக் கழிப்பவர் என்ற வேறுபாடு சிகிச்சையின் பலனையே மாற்றுகிறது என்று உலகுக்குக் காட்டிய இடங்களில் ஒன்று. வாரம் ஒருமுறை மருந்து தரும் முறையில் மெதுவாகக் கழிப்பவர்கள் கூடுதலாகக் குணமடைந்தார்கள். வேகமாகக் கழிப்பவர்கள் பின்தங்கினார்கள். காசநோய்க் கூட்டுமருந்தில் இருக்கும் இன்னொன்றான ரிஃபாம்பிசினோ நேர் எதிராக, நொதியைத் தூண்டி ஃபெனிட்டாயினை வேகமாகக் கரைக்கும். ஒரே நோயாளியிடம் இரண்டு இழுப்பும் நடக்கும். எது வெல்லும் என்று ஊகிக்க முடியாது. இரத்தத்தை எடுத்து அளந்துதான் அறிய வேண்டும்.

இனி மரபணு. ஃபெனிட்டாயினைச் சிதைக்கும் முக்கிய நொதியின் பெயர் சி.ஒய்.பி. 2சி9. அதை உண்டாக்கும் மரபணுவில் சிலருக்குச் சிறு மாற்றம் இருக்கும், நொதி மந்தமாகும். முன்னே சொன்ன குமராட்சிக்காரரின் நொதி வேகம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால், அதே 300 மில்லிகிராமில் அவருடைய இரத்த அளவு 10-க்குப் பதில் 33 ஆகிவிடும். கூட்டவே வேண்டாம், முதல் மாத்திரைச் சீட்டே நஞ்சு. தமிழர்களிடம் இந்த மாற்றங்கள் எவ்வளவு? இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவர் சிதம்பரத்திலிருந்து சுமார் 65 கிலோமீட்டர் வடக்கே, புதுச்சேரி ஜிப்மரில் மருந்தியல் பேராசிரியராக இருந்த சி. ஆதித்தன். அவரும் அவருடைய மாணவர்களும் 2003 முதல் வெளியிட்ட கட்டுரைகள் தமிழ்நாட்டு மக்களின் மரபணுக்களில் மருந்தைச் சிதைக்கும் நொதிகளின் வகைகளை எண்ணிப் பார்த்தன. 2சி9-இன் மந்தமான வகைகளில் ஒன்று மட்டும் தென்னிந்திய மரபணுப் பிரதிகளில் சுமார் 8 சதவீதம். 2006-இல் அதே குழு, இந்த மரபணு மாற்றங்கள் தென்னிந்தியர்களிடம் ஃபெனிட்டாயின் சிதைவை எப்படிப் பாதிக்கின்றன என்றும் அளந்து வெளியிட்டது.

அவர்கள் எண்ணிய இன்னொரு நொதி 2சி19. இதில் நம் கணக்கு ஐரோப்பியர்களிடமிருந்து வெகுவாக விலகியது. வேலை செய்யாத நொதி கொண்டவர்கள் ஐரோப்பாவில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர். தமிழர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல். மாரடைப்பு வந்தவர்களுக்கும் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும் தரப்படும் க்ளோபிடோக்ரெல், உடலுக்குள் போய் இந்த நொதியால் மாற்றப்பட்ட பிறகே வேலை செய்யும். நொதி வேலை செய்யாதவருக்கு மாத்திரையின் பலன் குறைந்துவிடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010-இல் இதை மருந்தின் மீது கட்டம் கட்டி எச்சரிக்கையாகப் போடச் சொன்னது. நூற்றுக்கு இரண்டு பேர் உள்ள மக்களுக்காக எழுதிய எச்சரிக்கை, பத்துப் பேருக்கு மேல் உள்ள நமக்கு எத்தனை மடங்கு அவசரம்! ஆதித்தன் மருத்துவத் துறை சார்ந்த மருந்தியலாளர். கிளினிக்கல் ஃபார்மசி பேராசிரியர்கள் வேறு கதவு வழியாக வந்தவர்கள். ஆனால் அவர் தொடங்கிய கணக்கை நோயாளியின் கட்டில் வரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியவர்கள் இவர்கள்தான்.

பாடநூலில் எழுதியிருப்பதே உறுதியில்லாத இடமும் வரும். நெல் விளையும் பூமியில் பூச்சிமருந்து நஞ்சேறி வருபவர்களை வார்டு தினம் பார்க்கிறது. அட்ரோபினுடன் பிராலிடாக்சைம் என்ற ஊசியும் போடுவது வழக்கம். அது உண்மையில் உயிரைக் காக்கிறதா? 1990-களில் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் ஒரு கிராம் ஒரே தடவையாகத் தருவதையும், 12 கிராம் சொட்டாக ஏற்றுவதையும் ஒப்பிட்டார்கள். அதிகம் கொடுத்ததால் நன்மை தெரியவில்லை. 2006-இல் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் 200 பேரிடம் நடந்த ஆய்வில் தொடர்ந்து அதிக அளவு பெற்றவர்களில் 1 சதவீதம் பேரும், மற்றவர்களில் 8 சதவீதம் பேரும் இறந்தார்கள்; அதிக அளவு வென்றது. 2009-இல் இலங்கையின் அனுராதபுரம், பொலன்னறுவை மருத்துவமனைகளில் 235 பேரிடம் நடந்த ஆய்விலோ மருந்து பெற்றவர்களில் 24.8 சதவீதமும், பெறாதவர்களில் 15.8 சதவீதமும் இறந்தார்கள். இந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் மருந்து காப்பாற்றியது என்று மட்டும் சொல்ல முடியாது. எந்தப் பூச்சிமருந்து, குடித்து எத்தனை மணி நேரம், எவ்வளவு தீவிர சிகிச்சை வசதி என்று பலதும் இதில் கலந்திருக்கின்றன. ஒரு பேராசிரியர் மாணவருக்குக் கற்றுத்தரக்கூடியதில் மிகக் கடினமானது இதுதான்: மூன்று ஆய்வுகள் மூன்று விதமாகச் சொல்லும்போது, இன்றிரவு வந்திருக்கும் நோயாளிக்கு என்ன செய்வது என்று பொறுமையாக யோசிப்பது.

இவ்வளவுக்கும் அடியில் இன்னொரு வேலை ஓடிக்கொண்டிருக்கிறது: பக்க விளைவைப் பதிவு செய்வது. ஃபெனிட்டாயின் சிலருக்கு ஈறை வீங்க வைக்கும். அவர்கள் பல் டாக்டரிடம் போவார்களே தவிர வலிப்பு மாத்திரையைச் சந்தேகிக்க மாட்டார்கள். ஒரு விளைவு மருந்தால் வந்ததா என்று தீர்மானிக்க 1981-இல் நரஞ்சோ குழுவினர் பத்துக் கேள்விகள் வகுத்தார்கள். மருந்துக்குப் பிறகு வந்ததா, நிறுத்தியதும் குறைந்ததா, மறுபடி கொடுத்ததும் திரும்பியதா என்று கேட்டு மதிப்பெண் போடலாம். ஒன்பதோ அதற்கு மேலோ என்றால் உறுதி. இந்தியாவில் இதற்கான தேசியத் திட்டம் 2010-இல் தொடங்கி, 2011 முதல் காசியாபாதில் உள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையத்திலிருந்து நடக்கிறது. அங்கிருந்து தகவல்கள் ஸ்வீடனின் உப்சாலாவில் உள்ள உலகத் தொகுப்புக்குப் போகின்றன. தாலிடோமைட் மருந்தால் கைகால் குறைபாடுகளோடு குழந்தைகள் பிறந்ததை 1961-இல் மருத்துவர்கள் எழுதி அறிவித்தபோது, இப்படி ஒரு தொகுப்பு எங்கும் இல்லை. இருந்திருந்தால் எத்தனையோ குழந்தைகள் தப்பியிருப்பார்கள்.

இந்தப் பேராசிரியர்களின் பணி வாழ்க்கையை வெளியிட்ட கட்டுரைகளின் எண்ணிக்கையால் அளக்கிறோம். அவர்கள் தடுத்த கேடுகள் எந்த அளவுகோலிலும் வருவதில்லை. அதைவிட வருத்தம், அவர்கள் உருவாக்கும் மாணவர்களுக்கு என்ன ஆகிறது என்பது. ஆறு ஆண்டு படித்த ஃபார்ம்.டி. பட்டதாரிகளில் பலர் சென்னை, பெங்களூரு கம்பெனிகளில் மருத்துவக் கோடிங் வேலைக்குப் போகிறார்கள். மருந்துப் பாதுகாப்புப் பிரிவுகளில் சேர்ந்து அமெரிக்க நோயாளிகளின் பக்க விளைவுகளைக் கணினியில் ஏற்றுகிறார்கள். அரசு மருத்துவமனைகளில் மருந்தாளுநர் பணி இருக்கிறது. அது மருந்து வழங்கும் பணி. வார்டில் நின்று அளவைப் பார்க்கும் பணி அவர்களுக்கென்று ஏற்படவில்லை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தொடங்கி ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் கிளினிக்கல் மருந்தாளுநர் பணியிடம் உருவாக்கப்பட வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு மாத்திரைகளை வீட்டு வாசலில் கொடுக்கும் மாநிலம், அந்த மாத்திரைகளை ஒன்றாக வைத்துப் பார்க்க ஒருவரையும் நியமிக்கலாம். செலவு பெரிதில்லை, படித்தவர்கள் தயாராக இருக்கிறார்கள்.

அதுவரை வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும், நாட்டு மருந்து உட்பட, ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். புதிய மாத்திரையால் உடம்பில் ஏதேனும் மாற்றம் தெரிந்தால் நீங்களாக நிறுத்திவிடாமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். நோயாளியே நேரடியாகத் தேசியத் திட்டத்துக்கும் தெரிவிக்கலாம். கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024.